சைடு கொடுக்காத லாரி

எங்கள் லாரிக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களைத் திட்டினார்கள். முதலில் ஒரு ஹாரன் அடிப்பார்கள். பிறகு விடாமல் அடிப்பார்கள். பிறகு தலையை வெளியே நீட்டி, "யோவ், உங்கப்பன் வூட்டு ரோடா இது?" என்று கத்துவார்கள். எங்கேயாவது அகலமான இடம் வந்து எங்களைத் தாண்டும்போது, வேண்டுமென்றே வண்டியை மெதுவாக்கி, என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அந்த வார்த்தைகளை நான் எழுத முடியாது. காதில் மட்டும் இன்னும் இருக்கின்றன.

அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நடு ரோட்டை விடாமல், சொல்லப்போனால் நடுவுக்கும் கொஞ்சம் வலது பக்கமாகவே, மாட்டு வண்டி மாதிரி ஓட்டிக்கொண்டு போவார்.

அது எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் ஒடுகத்தூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அவர் ஓட்டியது மண்டிக்காரர் ஒருவரின் லாரி. மலைக்கு அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் ஏற்றிப் போவார். திரும்பும்போது புளி, சாமை, கடுக்காய். காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற இடத்தில் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததால் சில நாள் சிமெண்டும் போகும். ஆலங்காயம் தாண்டி மலை ஏறுகிற ரோடு அன்றைக்கு ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரில் ஒன்று வந்தாலும், பின்னால் ஒன்று தாண்டப் பார்த்தாலும், இடது சக்கரத்தை மண்ணில் இறக்கி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதைத்தான் சைடு கொடுப்பது என்பார்கள். கொடுத்தவனுக்கு, தாண்டிப் போகிறவன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவான். கொடுக்காதவனைப் பற்றிய பேச்சு அவனுக்கு முன்னாலேயே ஆலங்காயம் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

என் வீட்டுக்காரரும் எல்லோருக்கும் சைடு கொடுத்துக்கொண்டிருந்தவர்தான். ஒரு புளிப் பருவத்தில் மூட்டைகளின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டும்போது, இழுத்த கயிறு அறுந்து அதன் முடிச்சு இடது கண்ணில் வந்து அடித்தது. கண் ரத்தமாகச் சிவந்துவிட்டது. அப்போது என் சின்னவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் இரண்டு சொட்டுப் பால் விட்டேன். கொஞ்ச நாளில் சிவப்பு போனது. பார்ப்பதற்கு இரண்டு கண்ணும் ஒன்றுபோலவே இருந்தன. நான் அதை மறந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அவர் வண்டி மெதுவானது. குழாயடியில் ஒருத்தி கேட்டாள், "உன் வூட்டுக்காரரு வண்டிய ஓட்றாரா, தள்ளினு போறாரா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிள்ளை குட்டி ஆனதும் மனுஷனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டேன்.

லாரியின் கிளீனர் சின்னப் பையன் இல்லை. என் வீட்டுக்காரரைவிட மூத்தவர், அவருக்குப் பெரியப்பா மகன் முறை. ஒருநாள் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நாளைலேர்ந்து நான் வண்டிக்கு வர்லம்மா."

"இன்னா மாமா, சண்டையா?"

"சண்டை இல்ல. பயம்." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "உனக்கு அவன் சொல்லவே இல்லியா? அவனுக்கு இடது கண்ணு சுத்தமா தெரியலம்மா. ஓரம் எங்க இருக்குதுன்னே தெரியாது. நான்தான் இத்தினி நாளா எட்டி எட்டிப் பாத்து சொல்லினு வர்றேன். எனக்குத் தொண்டையும் போச்சி, தூக்கமும் போச்சி. நான் செங்கல் சூளைக்குப் போறேன். அங்க கல்லு இருந்த எடத்துலயே இருக்கும்."

அதையும் சிரிப்பு வருகிற மாதிரிதான் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரருக்குக் களி போட்டுவிட்டு, தட்டின் இடது பக்கமாகத் தண்ணீர்ச் சொம்பை வைத்தேன். சாப்பிட்டு முடித்து, "தண்ணி எங்க?" என்றார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யார் சொன்னது? அவன்தானா?"

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்ங்க."

"போய்ட்டுதான் வந்தேன். வேலூர்ல காட்டுனேன். நரம்பு காஞ்சிப் போச்சாம். ஒண்ணும் பண்ண முடியாதாம்." சொம்பை எடுத்துக் குடித்தார். "லைசென்சைப் புடுங்கிடுவாங்க. எனக்கு வேற இன்னா தெரியும், சொல்லு. ஏர் புடிக்கத் தெரியுமா, கொத்தனார் கரணை புடிக்கத் தெரியுமா?"

நான் அழுதேன். அவர் அழ விட்டுவிட்டு, கொஞ்சம் கழித்து, "நீ வர்றியா?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. கிளீனர் உட்கார்கிற இடது சீட்டில் நான் உட்கார வேண்டும், ஓரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளி ஆளைச் சேர்த்தால் முதலாளி காதுக்குப் போய்விடும். பெண்டாட்டி என்றால் போகாது.

என்னையா கேட்கிறார் என்று இருந்தது. நான் ரேஷன் கடையில்கூட வாய் திறந்து கேட்க மாட்டேன்; என் முறை தாண்டிப் போனாலும் நின்றுகொண்டே இருப்பேன். ஐந்தாவது வரைக்கும் போன பள்ளிக்கூடத்தில், பேர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்று வாய்க்குள்ளேயே சொல்வேன். வாத்தியார் பல நாள் எனக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறார். ஆனால் நான் போகாவிட்டால் அவர் தனியாகப் போவார் என்பது தெரிந்தது. பிள்ளைகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். முதலாளியிடம் அவர், மலையில் என் சொந்தக்காரர்களிடம் தேன் வாங்கி விற்க நான் வருவதாகச் சொன்னார். மலையில் எனக்கு யாரும் இல்லை.

லாரி முன்சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்து போவது அன்றைக்கு வேடிக்கை. மலைக்காரப் பெண்கள் மூட்டை மேலே ஏறி வருவார்கள். கேபினுக்குள் உட்கார மாட்டார்கள். நான் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கதவோடு ஒட்டி உட்கார்ந்து, ஓரத்தைப் பார்த்துக்கொண்டே போவேன். மலைப் பக்கம் இடதில் வந்தால் பாறையும் வாய்க்காலும். பள்ளப் பக்கம் இடதில் வந்தால், சுண்ணாம்பு அடித்த ஓரக் கற்கள், அதற்கு அப்பால் மரங்களின் தலைகள்.

என் குரல் இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவே இல்லை. "இன்னா? இன்னா சொன்ன?" என்று அவர் என் பக்கம் திரும்பினால் எனக்கு உயிர் போகும், திரும்பினால் ரோட்டை யார் பார்ப்பது? அதனால் நாங்களே ஒரு வழி பண்ணிக்கொண்டோம். நான் இடது கையை வெளியே போட்டுக் கதவுத் தகரத்தில் தட்டுவேன். ஒரு தட்டு தட்டினால், இடம் இருக்கிறது, வரலாம். இரண்டு தட்டு தட்டினால், போதும். கண்டக்டர்கள் பஸ்ஸைத் தட்டுகிற மாதிரிதான், ஆனால் நான் உள்ளங்கையால் தட்டுவேன். உள்பக்கம் பலகை வைத்திருந்ததால் சத்தம் வராது. வெளித் தகரம்தான் கேட்டது.

இடம் இருக்கிறது என்று தட்டுவதற்குத் தயங்குவேன். மண் உறுதியா, நேற்றைய மழையில் உள்ளே அரித்திருக்கிறதா என்று மேலே இருந்து பார்த்து எப்படிச் சொல்வது? அதனால் நான் குறைவாகத்தான் தட்டினேன். நான் தட்டாவிட்டால் அவர் ஒதுங்க மாட்டார். ஒதுங்காவிட்டால் பின்னால் வருகிறவர்கள் வரிசையாக ஹாரன் அடிப்பார்கள். நான் வந்த பிறகு எங்கள் வண்டி முன்னைவிட மெதுவானது என்பதுதான் உண்மை.

ஒருநாள் ஆலங்காயம் டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருந்தோம். அவர் கீழே இறங்கி டீ குடித்தார். நான் சீட்டிலேயே இருந்தேன். எங்கள் பின்னால் வெகுதூரம் மாட்டிக்கொண்டு வந்த ஒரு பஸ் டிரைவர் வந்தார்.

"அண்ணே, வலது பக்கம் புடிச்சா வுட மாட்டேங்கறியே. ரோட்டுக்குப் பட்டா வாங்கிட்டியா?"

அவர் சிரித்துக்கொண்டே, "லோடு ஜாஸ்தி நைனா," என்றார்.

"லோடா?" பஸ் டிரைவர் என் பக்கம் கண்ணைக் காட்டினார். "அண்ணி ஏறுனதுலேர்ந்து பொறந்த வூட்டுக்குப் போற கூண்டு வண்டி மாரி போவுது. பின்னாடி நாப்பது பேரு வர்றோம், எங்களுக்கும் வெத்தல பாக்கு வையி."

கண்டக்டர், "வுடுண்ணே, புதுசா கட்டினவரு, பாவம்," என்றான். கடையே சிரித்தது. எங்கள் மூத்தவனுக்கு அப்போது ஆறு வயது.

அவரும் சேர்ந்து சிரித்தார். வண்டியில் ஏறிய பிறகு, அவர் கை சாவி போடுகிற இடத்தைத் தேடித் தடவியதைப் பார்த்தேன். சிரிப்பு அதற்குள் போயிருந்தது. இந்த மனுஷன் இப்படியே எத்தனை நாள் ஓட்டுவார் என்று நினைத்தேன். ஓட்டாவிட்டால் நாங்கள் என்ன சாப்பிடுவது என்றும் நினைத்தேன். அந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில், அந்த மலை ரோட்டில் போலவே எனக்கு ஒதுங்க இடமே இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயம், சாமை ஏற்றிக்கொண்டு காவலூரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பகல்தான், நல்ல வெளிச்சம். பின்னால் ஆள் ஏற்றுகிற ஜீப் ஒன்று வந்தது. மலைக்காரர்களை ஆலங்காயம் சந்தைக்கு இறக்கிவிடுகிற ஜீப். வெகுநேரமாக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பள்ளம் எங்களுக்கு இடது பக்கம் இருந்த இடம். அவர் வழக்கம்போல வலது பக்கத்துப் பாறையை ஒட்டியே போனார்.

கீழே வளைவில் ஒரு பஸ் ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் வழி விட வேண்டும். அவர், "தே, பாரு," என்றார்.

நான் கையை வெளியே போட்டுக் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தேன். கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நல்ல இடம் இருந்தது. ஒரு தட்டு தட்டினேன். அவர் கொஞ்சம் வந்தார். இன்னும் இடம் இருந்தது. மறுபடியும் ஒன்று தட்டினேன்.

பின்னால் இருந்த ஜீப் டிரைவர் என் கையைப் பார்த்துவிட்டார். மலை ரோட்டில் வலது பக்கத்தை விடாத லாரி வந்தால், கிளீனர் இடது பக்கம் கையை நீட்டி, இந்தப் பக்கமா வா என்று தகரத்தைத் தட்டிக் காட்டுவது உண்டு. அப்படி இடது பக்கமாகவே தாண்டிப் போவார்கள். இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது எங்கள் இரண்டு பேர் கணக்கு மட்டும். வளைவில் வந்த பஸ்ஸை லாரி மறைத்திருந்ததால் ஜீப் டிரைவருக்கு அது தெரியவில்லை. தாண்டச் சொல்கிறார்கள் என்று நினைத்து, பள்ளத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஜீப்பை விட்டுவிட்டார்.

நான் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முழங்கைக்குப் பக்கத்தில் ஹாரன் கேட்டது. திரும்பினால், எனக்கு நேர் கீழே ஜீப்பின் மூக்கு. லாரி இன்னும் இடது பக்கம் சரிந்துகொண்டே வருகிறது.

இரண்டு தட்டு தட்டினேன். பயத்தில் கை நிற்கவில்லை, தட்டிக்கொண்டே இருந்தேன். அத்தனை தட்டுக்கு நாங்கள் அர்த்தம் வைக்கவில்லை. "இன்னா? இன்னா?" என்கிறார் அவர். என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. நான் வெளியிலிருந்து கையை இழுத்து, அவருடைய இடது கையை என் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். அவர் பிரேக்கை மிதித்தார். மூட்டைகள் ஒரு தடவை முனகின. லாரி நின்றது.

ஜீப்பும் நின்றிருந்தது. அதன் இடது முன்சக்கரம் ஓரக் கல்லைத் தள்ளிவிட்டு மண்ணில் பாதி இறங்கியிருந்தது. கல் கீழே உருண்டு போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஜீப்பின் பின்பக்கமாக எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு இறங்கி, பாறைப் பக்கம் போய் உட்கார்ந்து, குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஜீப் டிரைவர் லாரியைச் சுற்றி வந்தார். ஐம்பது வயது இருக்கும். என் வீட்டுக்காரர் அதற்குள் இறங்கி நின்றிருந்தார். நானும் இறங்கி வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"டேய், கூப்புட்டுக் கொல்றியா? கையக் காட்டி வரச் சொல்லிட்டு மேல ஏத்துற?"

"நான் எங்க கூப்புட்டேன்?"

"உன் வூட்டுப் பொம்பள தட்டுதே, நான் குருடனா?"

அவர் பஸ் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜீப் டிரைவருக்கு அதில் இன்னும் கோபம் ஏறியது. அவருடைய இடது பக்கமாக நெருங்கி, அறைவதற்குக் கையை ஓங்கினார். என் வீட்டுக்காரர் எதிரே பஸ்ஸைப் பார்த்தபடியே நின்றார். ஓங்கிய கை கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தது. அவர் இமைக்கவில்லை, தலையைச் சாய்க்கவில்லை.

கை அப்படியே நின்றது. ஜீப் டிரைவர் அந்தக் கையை மெல்ல அவர் இடது கண் ஓரமாகக் கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தார். பிறகு இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வளைவிலிருந்து பஸ் டிரைவர் குரல் கொடுத்தார். "இன்னாயா, நடு ரோட்ல பஞ்சாயத்தா? எடுங்கயா வண்டிய."

"ஒண்ணும் இல்ல, எடுக்கறோம்," என்றார் ஜீப் டிரைவர். கண்ணைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கி வந்து ஜீப்பைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்துவிட்டார்கள். பஸ் கொஞ்சம் பின்வாங்கி, எங்களைத் தாண்ட விட்டது. அப்புறம் ஜீப் டிரைவர் என் வீட்டுக்காரரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நான் முன்னாடி போறேன். என் வண்டி எங்க போவுதோ அதே தடத்துல வா. ஓரத்தைப் பாக்காத, என்னப் பாரு."

அப்படித்தான் மீதி மலையை இறங்கினோம். ஜீப் மெதுவாகப் போனது, நடு ரோட்டில் போனது. பின்னால் யார் யாரோ ஹாரன் அடித்தார்கள். இந்தத் தடவை இரண்டு வண்டிக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. நான் தட்டவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மலை முடிந்த இடத்தில் ஜீப் ஓரமாக நின்றது. ஜீப் டிரைவர் இறங்கி என் பக்கத்துக் கதவுக்கு வந்தார்.

"எம்மா, நீ எத்தினி நாளு இவருக்குக் கண்ணா இருப்ப? என் வண்டில எட்டு பேரு, ஒரு கைக்கொழந்த. நான் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

என் வீட்டுக்காரருக்கு அது கேட்டிருக்கும். கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் அவர் முகம் கழுவி, காக்கிச் சட்டையைப் போட்டார். நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். "கெளம்பு, சாமை ஏத்தணும்," என்றார். முன்தினம் ஒன்றுமே நடக்காத மாதிரி. "இனிமே கைய வெளிய போடாத. உள்ளயே தட்டு, பலகையக் கழட்டிடறேன்." அதை அவர் யோசித்து வைத்திருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாசலில் முதலாளி வந்து நின்றார். எந்த ஊரில் எத்தனை மூட்டை என்று சொல்வதற்காக அவரே வருவது வழக்கம். என்னைப் பார்த்ததும், "இன்னாமா, இன்னிக்கும் தேன் வாங்கப் போறியா? ஒரு பாட்டிலு எனக்கும் குடுக்கறது," என்று சிரித்தார்.

நான் அதுவரை முதலாளி முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவருக்கு ஒரு கண்ணு தெரியாதுங்க," என்றேன்.

"இன்னா?"

மெதுவாகச் சொல்லியிருந்தேன் போலிருக்கிறது. அதை இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவையைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. "இடது கண்ணு தெரியாதுங்க. வண்டி குடுக்காதீங்க."

முதலாளி சிரிப்பு நின்றது. உள்ளே பார்த்து, "நெசமாய்யா?" என்றார்.

என் வீட்டுக்காரர் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தார். என்னைத் தாண்டி வெளியே போனார். வாசலில் நின்ற லாரியின் படியில் சாவியை வைத்தார். மறுபடியும் உள்ளே வந்து, காக்கிச் சட்டையைக் கழற்றி உதறி மடித்தார். முதலாளி சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மண்டியில் மூட்டை தைக்கிற வேலை தருவதாகப் பிறகு ஆள் அனுப்பினார். இவர் போகவில்லை. அந்த லாரியை வேறு ஒருவர் ஓட்டுவதைத் தினமும் எதிரில் பார்க்க வேண்டும் என்பதாலோ என்னவோ. நிலக்கடலை பிடுங்கப் போனார், கடலை உடைக்கிற மிஷினில் நின்றார், ஏரிக்கரையில் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் காவலுக்கு இருந்தார். நானும் கூலிக்குப் போனேன். பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். பிள்ளைகளிடம் பேசினார், என் நாத்தனாரிடம் பேசினார், என்னிடம் மட்டும் கேட்டால் பதில் சொன்னார்.

சாப்பிட உட்காரும்போது அவர் முன்பெல்லாம் வாசலைப் பார்த்து உட்காருவார். அதற்கப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார ஆரம்பித்தார். வெளிச்சம் கண்ணில் படுகிறது போல என்று நினைத்தேன். பல நாள் கழித்துத்தான் புரிந்தது. அப்படி உட்கார்ந்தால் அடுப்பு அவருக்கு இடது பக்கம் வரும். நான் உட்காருவது அடுப்பண்டைதான்.

கிண்ணத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தொடுகிற தூரத்தில், வலது பக்கமாகச் சுற்றிப் போய் வைத்துவிட்டு, திரும்ப வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவர் எடுத்துச் சாப்பிடுவார்.